கூப்பு ரோட்டில் மேயும் கரடி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைகள் கிழக்கே இறங்கிச் சமவெளியைத் தொடும் அடிவாரத்தில் ஹின்டன் என்றொரு ஊர் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு எரிவாயுக் குழாய்ப்பாதை ஓரமாக நடந்தால், கரடி என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று தரையே சொல்லிவிடும். குழாயைப் புதைத்து மூடிய பிறகு மண் அரிக்காமல் இருக்க விதைத்த க்ளோவர் என்ற தீவனச் செடி கணுக்கால் மறையும் அளவுக்கு அடர்ந்திருக்கும். அதில் பாய் விரித்த மாதிரி ஓர் இடம் மட்டும் மொட்டையாக மேய்ந்திருக்கும். பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று, இலை நார் தெரியத் தெரிய எச்சம். காட்டு விளிம்பில் மக்கிய கட்டை ஒன்று புரண்டு கிடக்கும். அதன் அடியில் இருந்த எறும்புக் கூட்டில் கொஞ்சம் எறும்புகள் மட்டும் தத்தளித்துக்கொண்டிருக்கும். மனிதன் காட்டைக் கிழித்த இடத்தில்தான் கரடிக்குப் பந்தி போட்டிருக்கிறது.

மனிதன் கை வைத்த இடத்தை விட்டுக் காட்டு விலங்கு ஒதுங்கிப் போகும் என்பதுதான் நம் எல்லோர் மனதிலும் இருக்கும் சித்திரம். வட அமெரிக்காவின் பழுப்புக் கரடியான கிரிஸ்லி விஷயத்தில் அது பாதிதான் சரி. 1990களின் இறுதியில் தொடங்கி, கோர்டன் ஸ்டென்ஹவுஸ் தலைமையில் ஹின்டனில் இருந்து கரடிகளுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டி நடந்த ஆய்வும், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் மார்க் பாய்ஸ், ஸ்காட் நீல்சன் போன்றவர்கள் அந்தத் தரவை வைத்துச் செய்த வேலையும் திரும்பத் திரும்பக் காட்டியது ஒன்றைத்தான். கரடி வெட்டிய காட்டுக்குள் வருகிறது, குழாய்ப்பாதையில் மேய்கிறது, ரோட்டோரத்தில் நிற்கிறது. சாவதும் அங்கேயேதான். ஓரிடத்தில் கரடி அதிக நேரம் இருக்கிறது என்பதும் அந்த இடம் கரடிக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வரைந்த வாழிட வரைபடம், கரடியைக் கொல்லும் இடத்தையே காப்பாற்ற வேண்டிய இடம் என்று காட்டும்.

இனி அடிக்கடி வரப்போவதால் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். முறைவைத்து மொத்தமாக மரம் வெட்டும் காட்டுத் துண்டுக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூப்பு என்று பெயர். மரம் இறக்கப் போட்ட பாதை கூப்பு ரோடு. கனடாக்காரர்கள் கட்பிளாக் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

கரடியின் ஆண்டு முழுக்க வயிற்றைச் சுற்றியே நகர்கிறது. மார்ச், ஏப்ரலில் ஆண் கரடிகள் குளிர்கால வளையை விட்டு முதலில் வெளியே வரும். அந்த வருடக் குட்டியோடு இருக்கும் தாய் பெரும்பாலும் கடைசி. பனி உருகிய சரிவுகளில் ஹெடிசாரம் என்ற பயறு வகைச் செடியின் கிழங்கு வேரைத் தோண்டித் தின்பதுதான் வசந்தத்தின் முதல் சாப்பாடு. மே கடைசியிலும் ஜூனிலும் மூஸ், எல்க் மான்களின் கன்றுகள், கூடவே பசுந்தழை: குதிரைவால் செடி, க்ளோவர், டேன்டிலயன். ஜூலையில் எறும்பு. ஆகஸ்ட் வந்தால் பஃபலோபெர்ரி, ஹக்கிள்பெர்ரி என்று பழங்கள். குளிருக்குள் கொழுப்பு ஏற்றியாக வேண்டிய காலம் அது. கரடி நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும். பழம் முடிந்தால் மறுபடியும் வேர், பிறகு வளை.

இந்தப் பட்டியலில் வேரும் பழமும் தழையும் எறும்பும் எங்கே நன்றாக வளரும் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். எல்லாமே வெயில் விழும் இடத்தில்தான். இருட்டாக மூடிய முதிர்ந்த லாட்ஜ்போல் பைன் காட்டின் தரையில் பாசிதான் இருக்கும். முன்பெல்லாம் காட்டுத்தீ வந்து திட்டுத் திட்டாகத் திறந்துவிட்டுப் போகும். இருபதாம் நூற்றாண்டில் தீயை அணைப்பதில் மனிதர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், காடு மூடிக்கொண்டது. அதனால் அடிவாரக் கரடிக்கு வெட்டவெளி என்றால் கூப்பு, குழாய்ப்பாதை, ரோட்டோரம் என்று ஆகிவிட்டது. தீ செய்த வேலையை அரைகுறையாகக் கோடரி செய்கிறது. அரைகுறை என்று சொல்வதற்குக் காரணம், தீ திறந்துவிட்ட இடத்துக்கு ரோடு வராது.

கூப்பு என்றால் எல்லாக் கூப்பும் ஒன்றல்ல. நீல்சனின் ஹின்டன் பகுதி ஆய்வில், கோடையின் முதல் பாதியில் கரடிகள் அதிகம் நாடியது சுமார் 30 வயதான கூப்புகளை. நேற்று வெட்டியதை அல்ல. கூப்பின் நடுவை விட விளிம்பை ஒட்டிய பகுதியில் அதிகம். நடுப்பகலை விட அந்தி, இரவு, விடியல் நேரங்களில் அதிகம். ஒரு சத்தம் கேட்டால் நாலு எட்டில் மரத்துக்குள் மறைய வேண்டும் என்ற கணக்குதான் இது. ஆக, பெரிய சதுரமாக வெட்டிய கூப்பைவிட வளைந்து நெளிந்த விளிம்பும் நடுவே விட்டுவைத்த மரத் திட்டுகளும் உள்ள கூப்பு கரடிக்கு அதிகம் பயன்படும்.

வெட்டிய பிறகு தரையை என்ன செய்கிறார்கள் என்பது வெட்டியதைவிட முக்கியமாகிப் போவதும் உண்டு. நாற்று நடுவதற்காக இயந்திரத்தால் மேல்மண்ணைக் கிளறி வரப்பும் பள்ளமுமாகப் போடுவார்கள். ஹக்கிள்பெர்ரி மாதிரியான புதர்கள் விதையால் அல்ல, மண்ணுக்கடியில் ஓடும் தண்டால் பரவுபவை. கிளறினால் அந்தத் தண்டு துண்டு துண்டாகும். புதர் திரும்பத் தலையெடுக்க வருடக்கணக்கில் ஆகும். டேன்டிலயன், க்ளோவர் மாதிரியான களைகள் அதே கிளறலில் செழிக்கும். மரக்கழிவை முழுக்கக் குவித்து எரித்துவிட்டால் எறும்புக்கு வீடு இல்லை. கனத்த கட்டைகளை அங்கங்கே விட்டு வைத்தால் சில வருடங்களில் எறும்பு வந்துவிடும். ஆக, ஒரே வயது, ஒரே பரப்பு உள்ள இரண்டு கூப்புகளில் ஒன்று ஆகஸ்டில் பழக்காடாகவும் மற்றொன்று வெறும் பைன் நாற்றங்காலாகவும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே பச்சை.

சரி, சாப்பாடு கிடைக்கிறது, கரடி வருகிறது. அப்புறம் என்ன பிரச்சினை? ரோடு.

ரோட்டோரத்தைப் பற்றி கேரி ரோவர், பாய்ஸ், ஸ்டென்ஹவுஸ் மூவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரைகள் இந்தத் துறையில் இருப்பவர்கள் தவறாமல் படிப்பவை. ரோட்டின் இரு பக்கமும் மரத்தை அகற்றி, சரிவைச் சமப்படுத்தி, மண் பிடிக்க க்ளோவர் கலந்த புல் விதை தூவியிருப்பார்கள். காட்டுக்குள் இருப்பதைவிட அங்கே கரடிக்கான தழைத் தீவனம் அதிகம் என்பதை அளந்தே காட்டினார்கள். போதாக்குறைக்கு, கூப்பு ரோடுகள் போடுவதற்கு வசதியான சமதளமும் ஓடையோரமும்தான் வசந்த காலத்தில் முதலில் பசுமை பிடிக்கும் இடங்கள். ரோடு பொறியாளரும் கரடியும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வசந்தத்திலும் முன்கோடையிலும் கரடிகள் ரோட்டுக்கு அருகே தற்செயலாக இருப்பதைவிட அதிகமாகத் தென்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எல்லா ரோட்டையும் கரடி ஒரே மாதிரி நடத்துவதில்லை. தென்மேற்கு ஆல்பர்ட்டாவில் நார்த்ரப்பும் கூட்டாளிகளும் ரோடுகளில் வண்டி எண்ணும் கருவிகளை வைத்துப் பார்த்து 2012-இல் எழுதியது: நாளொன்றுக்கு 20 வண்டிக்குக் குறைவாக ஓடும் ரோட்டைக் கரடி பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை; 20-இலிருந்து 100 வரை ஓடும் ரோட்டை விட்டு விலகுகிறது; 100-ஐத் தாண்டினால் எந்த நேரத்திலும் கிட்டப் போவதில்லை. கடக்க வேண்டியிருந்தால் வண்டி குறைந்த இரவில் கடக்கிறது. பான்ஃப் தேசியப் பூங்கா வழியாகப் போகும் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் இதன் உச்சம் தெரியும். அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல மேய்ச்சல் இருந்தாலும், பகலோ இரவோ, பெண் கரடிகள் அந்த நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கியே இருந்தன என்று கிபோவும் ஹெரேரோவும் கூட்டாளிகளும் 2002-இல் காட்டினார்கள்.

இந்த எண்களை வைத்து நெடுஞ்சாலைதான் ஆபத்து, கூப்பு ரோடு பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறாகத்தான் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை கரடியைத் துரத்துகிறது. துரத்தப்பட்ட கரடி வாழிடத்தை இழக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வண்டி போகும் கூப்பு ரோடு கரடியைத் துரத்தாது. அந்த ஐந்தில் ஒன்றில் துப்பாக்கி இருந்தால் போதும்.

சாவுக் கணக்கைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பான்ஃப், யோஹோ பூங்காக்களில் 1971 முதல் 1998 வரை மனிதரால் இறந்து, இடம் துல்லியமாகத் தெரிந்த 95 கிரிஸ்லிகளையும் பென், ஹெரேரோ இருவரும் வரைபடத்தில் குறித்தார்கள். ஒன்றுகூட மிச்சமில்லாமல் அத்தனையும் ரோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் அல்லது நடைபாதையிலிருந்து 200 மீட்டருக்குள். வேட்டைக்கே அனுமதி இல்லாத தேசியப் பூங்காவில் இந்த நிலை. பூங்காவுக்கு வெளியே காரணங்களின் பட்டியல் நீளம்: திருட்டு வேட்டை, மான் வேட்டைக்குப் போனவர் தற்காப்புக்குச் சுடுவது, கருங்கரடி என்று நினைத்துச் சுடுவது, வண்டியில் அடிபடுவது, பண்ணைத் தீவனத்துக்கு வந்து பழகியதால் பிடித்துக் கொல்லப்படுவது. கருங்கரடி வேட்டை அங்கே சட்டப்படி நடப்பதால் ஆள் மாறாட்டச் சாவு சாதாரண விஷயமல்ல. நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. கருங்கரடி பழுப்பாகவும் இருக்கும், கிரிஸ்லி கறுப்பாகவும் இருக்கும். தோள் திமில், குழிந்த முகம், குட்டையான வட்டக் காது, முன்னங்கால் நகத்தின் நீளம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அரையிருட்டில் இருநூறு மீட்டர் தூரத்தில் இதெல்லாம் தெரியாது.

ஒரு பெண் கரடி செத்தால் ஏன் இவ்வளவு கனம் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. பான்ஃப் பக்கத்துக் கரடிகளில் ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவே சராசரி 4.4 ஆண்டு இடைவெளி. ஒரு ஈற்றில் இரண்டு குட்டி என்று வைத்துக்கொண்டாலும், அதில் பெண் ஒன்று, அது பிழைத்துத் தானும் ஈனும் வயதுக்கு வருவதற்குள் ஏழெட்டு வருடம். இந்த வேகத்தில் பெருகும் கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு தாய்க் கரடி கூடுதலாகச் செத்தாலே வரைகோடு கீழே சாயும்.

ஆகவேதான் 2006-இல் நீல்சனும் கூட்டாளிகளும் ஆல்பர்ட்டாவுக்குப் போட்ட வரைபடத்தில் இரண்டு அடுக்கு வைத்தார்கள். ஒன்று, கரடி எங்கே இருக்க விரும்புகிறது. மற்றொன்று, எங்கே சாகும் வாய்ப்பு அதிகம். நல்ல மேய்ச்சலும் குறைந்த ஆபத்தும் சேர்ந்தால் முதன்மை வாழிடம். நல்ல மேய்ச்சலும் அதிக ஆபத்தும் சேர்ந்தால் அது மடு: சுற்றியுள்ள கரடிகளை இழுத்து விழுங்கும் இடம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கில் கிளேட்டன் லாம்ப் 2017-இல் எழுதியது இதே கதையின் பழத்தோட்டப் பதிப்பு. பள்ளத்தாக்கில் பழம் கொழிக்கிறது. ஊர், ரோடு, ரயில் எல்லாம் அங்கேயேதான். மேலே மலையில் இருந்து கரடிகள் இறங்கி வந்துகொண்டே இருக்கின்றன. எண்ணிப் பார்க்கிறவருக்கு அங்கே கரடி எப்போதும் இருக்கும். ஆனால் அதே கரடிகள் இருக்காது. கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களுக்குள் வரும் நம்மூர்க் கரடிகளைப் பற்றி, "கரடி நிறையப் பெருகிவிட்டது" என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்த வித்தியாசம்தான் எனக்கு ஞாபகம் வரும். கண்ணில் படும் எண்ணிக்கை கூடுவதற்கும் கரடி கூடுவதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

இதை அளக்கும் வேலையில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தப்பான அளவீட்டில் இருந்து வந்த நம்பிக்கைகள் இந்தத் துறையில் ஏராளம்.

மேலோட்டமாகப் பார்த்தால் முறை எளிது. கரடிக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டுகிறோம், மணிக்கு ஒரு முறையோ சில மணிக்கு ஒரு முறையோ அது இருக்குமிடம் பதிவாகிறது. அந்தக் கரடியின் உலாவும் எல்லைக்குள் கணினி குத்துமதிப்பாகத் தூவிய புள்ளிகளை அருகில் வைக்கிறோம். கரடி இருந்த புள்ளிகளிலும் தூவிய புள்ளிகளிலும் மேடு பள்ளம், மர மூட்டம், கூப்பின் வயது, ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்பவற்றை ஒப்பிடுகிறோம். எது தற்செயலைவிட அதிகமாக வருகிறதோ அதைக் கரடி நாடுகிறது, குறைவாக வருவதைத் தவிர்க்கிறது.

முதல் சறுக்கல் பட்டையிலேயே இருக்கிறது. அடர்ந்த மர மூட்டத்துக்கு அடியிலும் செங்குத்தான ஓடைக் கிடங்கிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை தவறும். கரடி படுத்துத் தூங்கும்போது ஆன்டெனா உடம்பின் கீழ் போய்விட்டால் இன்னும் மோசம். தவறும் புள்ளிகள் எல்லாப் பக்கமும் சமமாகத் தவறினால் கவலை இல்லை. அவை பெரும்பாலும் மூடிய காட்டில் தவறுகின்றன. அதனால் தரவில் கூப்பும் குழாய்ப்பாதையும் நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும். கரடி வெட்டவெளியை விரும்புகிறது என்ற முடிவே பாதி கருவியின் குறையாக இருக்கலாம். ஒரு பட்டையை வெவ்வேறு அடர்த்தியுள்ள காட்டில் தரையில் வைத்துவிட்டு, எங்கே எத்தனை சதவீதம் பதிவாகிறது என்று முதலில் சோதித்து, அந்த விகிதத்தில் புள்ளிகளுக்கு எடை கொடுக்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வைப் படிக்கும்போது நான் வெட்டவெளி பற்றிய வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன்.

பிடித்து மயக்கி விட்ட கரடி உடனே பழைய நடைக்குத் திரும்பாது. அதன் நடமாட்டம் சில வாரங்களுக்கு மந்தமாக இருக்கும் என்று மார்க் கேட்டெட்டின் வேலை காட்டியது. ஆரம்ப நாட்களின் புள்ளிகளை வெட்டி எறிவது நல்லது. பட்டையை இறுக்கமாகப் போட்டால் இலையுதிர் காலத்தில் கழுத்து பருத்து அறுக்கும். தளர்வாகப் போட்டால் கழற்றி எறிந்துவிடும். குறித்த நாளில் தானாகக் கழன்று விழும் பொறி இருந்தாலும், அது பழுதானால் மக்கி அறுந்து போகும்படி பட்டைக்கு நடுவில் பருத்தித் துணித் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைப்பது வழக்கம்.

அடுத்தது வரைபடத்தின் தேதி. 2003-இல் கரடி நின்ற புள்ளியை 2008-இன் ரோடு வரைபடத்தில் வைத்தால், அன்றைக்கு இல்லாத ரோட்டை அது "நாடியதாக" கணக்கு வரும். ஹின்டன் மாதிரி ஒவ்வொரு குளிர்காலமும் புதிய ரோடு வெட்டும் இடத்தில் இது சின்னப் பிழை அல்ல. ஆண்டுவாரியாக அடுக்கு வேண்டும். முடிந்தால் அந்த ஆண்டிலேயே எந்த மாதம் வெட்டினார்கள் என்பதும் வேண்டும். பூகம்ப அலை அனுப்பி எண்ணெய் தேடிய சைஸ்மிக் கோடுகள் இன்னொரு தலைவலி. பழைய முறையில் ஐந்து முதல் எட்டு மீட்டர் அகலத்தில் காட்டை நேர்கோடாக வெட்டிப் போட்டவை. ரோடு வரைபடத்தில் ரோடாக வராது; ஆனால் காட்டில் ஓட்டும் நாலுசக்கர குவாட் வண்டி தாராளமாகப் போகும். 30 மீட்டர் கட்டமுள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் பலது தெரியவே தெரியாது.

பருவத்தைப் பிரிக்காமல் முழு வருடத்தையும் ஒன்றாகப் போட்டால், ஜூனில் ரோட்டை நாடுவதும் செப்டம்பரில் விலகுவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு "ரோட்டால் பாதிப்பில்லை" என்று வரும். ஆண், பெண், குட்டியோடு இருக்கும் பெண், வயதுக்கு வராத இளசு என்று பிரிக்காவிட்டாலும் அதே கதை. இளம் கரடிகள் ரோட்டுக்கும் ஊருக்கும் கிட்டப் பகலிலேயே வருகின்றன. பெரிய ஆண்கள் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சம்தானே அவற்றுக்கு. ஸ்வீடனின் பழுப்புக் கரடிகளில், குட்டியோடு இருக்கும் தாய் மனித நடமாட்டத்தின் பக்கத்திலேயே தங்கி, குட்டியைக் கொல்லும் ஆண்களிடமிருந்து தப்பிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ரோட்டோரத்தில் நிற்கும் தாய்க்கரடியை ரோட்டை விரும்பும் கரடி என்று எழுதிவிட்டால், அது எதிலிருந்து தப்பி அங்கே வந்தது என்ற கேள்வியே எழாமல் போகும்.

ரோட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள ஒட்டுறவு கடைசிக் கண்ணி. ரோடு பள்ளத்தில் ஓடுகிறது, நல்ல தீவனமும் பள்ளத்தில் இருக்கிறது. தீவனத்தைத் தனியாகக் களத்தில் போய் அளந்து கணித மாதிரிக்குள் போடாவிட்டால், தீவனத்தின் இழுவை முழுக்க ரோட்டின் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணித மாதிரியைச் சரிபார்க்கும்போதும், புள்ளிகளைப் பொறுக்கி ஒதுக்கி வைத்துச் சோதிப்பதை விட, ஒரு முழுக் கரடியை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றால் அதைக் கணிக்க முடிகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. ஒரே கரடியின் இரண்டு மணி நேரத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து எழுதிய விடைத்தாள்கள்.

எத்தனை கரடி இருக்கிறது என்பதற்கு வேறு வழி. 7-க்கு 7 கிலோமீட்டர் கட்டங்களாகக் காட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து மரங்களைச் சுற்றி, தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரே இழை முள்கம்பி. நடுவில் கழிவுக் கட்டைக் குவியலில் மாதக்கணக்கில் அழுகவிட்ட மாட்டு இரத்தம். நாற்றம் மட்டும்தான், தின்ன ஒன்றும் கிடையாது. கிடைத்தால் அதே கரடி திரும்பத் திரும்ப வந்து கணக்கைக் கெடுக்கும். கம்பிக்கு அடியிலோ மேலோ நுழையும் கரடியின் முடி முள்ளில் சிக்கும். வேரோடு வந்த முடியில் இருந்து டி.என்.ஏ. எடுத்து எந்தக் கரடி என்று பிரிக்கலாம். 14 நாளுக்கு ஒருமுறை போய் முடியை உறையில் எடுத்துக்கொண்டு, முள்ளை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் போன தடவையின் கரடி இந்தத் தடவையும் வந்ததாகிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் 2006-இல் ஆல்பர்ட்டாவில் கிரிஸ்லி வேட்டை நிறுத்தப்பட்டது. 2010-இல் அழியும் அபாயத்தில் உள்ளது என்று மாகாணம் அறிவித்தது. அப்போது மதிப்பீடு சுமார் 700. 2021-இல் வெளியான புதிய மதிப்பீடு 856-க்கும் 973-க்கும் இடையில். ஹின்டனைச் சுற்றியுள்ள யெல்லோஹெட் பகுதியில் 2004-க்கும் 2014-க்கும் இடையே எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்தப் பத்து வருடமும் கூப்பு வெட்டுவது நிற்கவில்லை, கிணறு தோண்டுவது நிற்கவில்லை. குறைந்தது சாவு. பக்கத்திலேயே உள்ள லஸ்கர், கிரெக் ரிவர் நிலக்கரிச் சுரங்கங்களும் இதற்குச் சாட்சி: மலையையே புரட்டிப் போட்ட இடம், மூடிப் புல் விதைத்த பிறகு மானும் பெருங்கொம்பு மலையாடும் கிரிஸ்லியும் வந்தன. சுரங்க எல்லைக்குள் பொதுமக்கள் இஷ்டத்துக்கு வண்டி ஓட்ட முடியாது என்பதை மறந்துவிட்டு அதைப் புல் விதையின் சாதனையாகச் சொல்வது பாதி உண்மைதான்.

ஆகவே பிடிக்க வேண்டிய கழுத்து ரோடு. ஆல்பர்ட்டாவின் 2008-ஆம் ஆண்டு கிரிஸ்லி மீட்புத் திட்டம் முக்கியப் பகுதிகளில் வண்டி போகக்கூடிய ரோட்டின் அடர்த்தியைச் சதுர கிலோமீட்டருக்கு 0.6 கிலோமீட்டருக்குள்ளும், அடுத்த நிலைப் பகுதிகளில் 1.2-க்குள்ளும் வைக்கச் சொன்னது. பூலாஞ்சரும் ஸ்டென்ஹவுஸும் 2014-இல் கரடிகளின் பிழைப்பு விகிதத்தை வைத்துக் கணக்கிட்டதில் 0.75-ஐத் தாண்டினால் கூட்டம் தாக்குப்பிடிப்பது கடினம் என்று வந்தது, 0.6 என்பது அதற்குச் சற்று முன்னாலேயே போட்ட கோடு. இந்த எண் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 10-க்கு 10 கிலோமீட்டர் சதுரம், 100 சதுர கிலோமீட்டர். அனுமதி 60 கிலோமீட்டர் ரோடு. நடுவே ஓடும் பிரதான ரோடு ஒன்று 10 கிலோமீட்டர். கூப்பு ஒன்றுக்கு இரண்டரை கிலோமீட்டர் கிளை ரோடு என்றால் 20 கூப்பில் பெட்டி நிறைந்தது. 21-ஆவது கூப்பை வெட்ட வேண்டுமானால் பழைய கிளை ஒன்றை மூடியாக வேண்டும். மரக் கம்பெனிகளுக்கு மரத்தைவிட இந்தக் கணக்குதான் தலைவலி.

எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் இதையே தலைகீழாக அளக்கிறார்கள்: ரோடு இல்லாத இடம் எவ்வளவு மிச்சம் என்று. யெல்லோஸ்டோனில் வண்டி ரோட்டிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், குறைந்தது 10 ஏக்கர் இருந்தால் பாதுகாப்பான வாழிடம். வடக்கு மொன்டானாவில் அதே 500 மீட்டர், ஆனால் குறைந்தது 2,500 ஏக்கர். 10 ஏக்கர் ஒரு கரடிக்கு ஒரு வேளைக்குக் காணுமா என்பது சந்தேகம். எனக்கு மொன்டானா கணக்குதான் சரியாகப் படுகிறது.

நெடுஞ்சாலையை மூட முடியாது, அங்கே வேலி. பான்ஃபில் 2.4 மீட்டர் உயர வேலியும், 38 அடிப்பாதைகளும், 6 மேல்பாலங்களும் போட்டார்கள். விலங்குகள் வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கிரிஸ்லிக்கு அகலமான, உயரமான, நீளம் குறைந்த பாதைதான் பிடிக்கும். குறுகலான குழாய் மாதிரி அடிப்பாதைக்குள் கருங்கரடியும் கூகர் என்ற மலைச்சிங்கமும் போகும். திறந்த மறுநாளே பயன் தெரியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கரடிகள் பழகிக்கொள்ள நாலைந்து வருடம் ஆனது. தாயோடு கடந்த குட்டி பிறகு தானாகக் கடக்கும். ரயில் பாதைக்கோ வேலி இல்லை. தானிய வேகன்களில் இருந்து சிந்தும் கோதுமையும் பாதையோரத்து டேன்டிலயனும் கரடியைத் தண்டவாளத்துக்கு இழுக்கின்றன. வளைவில் ரயில் வரும் சத்தம் தாமதமாகத்தான் கேட்கும்.

கூப்பு ரோட்டை மூடுவது என்றால் பலர் இரும்புக் கேட்டைத்தான் நினைப்பார்கள். கேட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால் அடுத்த வேட்டைக் காலத்துக்குள் குவாட் வண்டியின் தடம் அதைச் சுற்றிப் போயிருக்கும். கேட் போட வேண்டுமானால் இரு பக்கமும் சரிவோ ஓடையோ நெருக்கும் இடத்தில் போட வேண்டும். அதைவிட நல்லது ரோட்டையே எடுத்துவிடுவது. முதலில் ஓடைக்கு மேல் இருக்கும் பாலத்தையும் மதகுக் குழாய்களையும் பிடுங்க வேண்டும். எஞ்சியதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யாமல் விடக்கூடாது. குழாய் உள்ளேயே அடைத்துக்கொண்டால் வெள்ளம் ரோட்டை அறுத்து ஓடையை மண்ணால் நிரப்பிவிடும். பிறகு தட்டிக் கெட்டித்த மேற்பரப்பை எக்ஸ்கவேட்டரால் அரை மீட்டர் ஆழத்துக்குக் கிளற வேண்டும். மேலே வெட்டுக் கழிவையும் கட்டைகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும், முதல் சில நூறு மீட்டர் மட்டுமாவது அடர்த்தியாக, நுழைவாயிலிலேயே வண்டிக்காரர் மனம் மாறித் திரும்பும்படி. விதை தூவினால் க்ளோவர் இல்லாத கலவை. ஆல்டர் புதர் தானாகவே வந்து மூடும்.

நாலைந்து வருடம் கழித்து அங்கே போனால், தோளுயர ஆல்டர் புதருக்கு நடுவே ஒற்றையடித் தடம் ஒன்று தெரியும். அடுத்தடுத்து ஒரே இடத்தில் கால் வைத்து வைத்துப் பதிந்த வட்டக் குழிகள். பழைய ரோடு காட்டைவிட நடக்கச் சுலபம் என்பதால் கரடி இன்னமும் அந்த வழியாகத்தான் போகிறது.